லோக்கல்ஹோஸ்ட் என்றால் எந்த மெஷின்? டேட்டாபேஸ் இணைப்பு பற்றிச் சில கேள்விகள்

கே: ஆப்பை நேரடியாக ஓட்டினால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு சேர்கிறது. டாக்கர் கம்போஸில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் கருவி) போட்டால் ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’. ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட்தான்; இத்தனைக்கும் செட்டிங்கில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

மாற்றாததுதான் வினை. கன்டெய்னர் என்பது தனி மெஷின் போலத் தனித்து ஓடும் பெட்டி. அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். அதற்குள் டேட்டாபேஸ் ஏது? கம்போஸ் ஃபைலில் டேட்டாபேஸ் சர்வீஸுக்கு என்ன பெயர் வைத்தீர்களோ, அதையே ஹோஸ்டாகக் கொடுங்கள். போர்ட்டையும் பாருங்கள். 5433:5432 என்று மேப் செய்திருந்தால், 5433 உங்கள் லேப்டாப்பிலிருந்து வருகிறவர்களுக்கு. பக்கத்துக் கன்டெய்னர் 5432-க்குத்தான் போக வேண்டும்.

அப்புறமும் முதல் தடவை விழுந்து, ஆப்பை மறுபடி கிளப்பினால் மட்டும் ஓடுகிறதா? டேட்டாபேஸ் எழுந்து உட்காருவதற்குள் ஆப் கதவைத் தட்டிவிட்டது. ‘டிபெண்ட்ஸ் ஆன்’ என்று வெறுமனே எழுதினால் கிளம்பும் வரிசையை மட்டும்தான் கவனிக்கும், தயாரா என்று பார்க்காது. டேட்டாபேஸ் தயாரா என்று சோதிக்கும் ஒரு ஹெல்த்செக் எழுதி, அது தேறும்வரை காத்திருக்கும்படி நிபந்தனை போடுங்கள்.

கே: கம்போஸ் ஃபைலில் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டை மாற்றினேன். பழையதைத்தான் ஏற்கிறது.

டேட்டா ஃபோல்டர் காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கன்டெய்னருக்கான அச்சு) அந்த மதிப்பை எடுத்துக்கொள்ளும். உங்கள் வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே டேட்டா தங்கும் இடம்) பழைய டேட்டா இருக்கிறது. உள்ளே போய் ‘ஆல்டர் யூசர்’ கொடுத்து மாற்றுங்கள். கம்போஸின் டவுன் கட்டளையோடு ‘-வி’ சேர்க்கச் சொல்லிப் பலரும் யோசனை தருவார்கள். வேலை நடக்கும், ஆனால் வால்யூமும் சேர்ந்தே போய்விடும். டெஸ்ட் டேட்டா என்றால் சரி.

கே: பாஸ்வேர்டில் @ இருக்கிறது. இணைப்பு யுஆர்எல் ஹோஸ்டைத் தப்பாகப் பிரிக்கிறது.

@ வரும் இடத்தில் %40 என்று எழுதுங்கள். # என்றால் %23, / என்றால் %2F.

கே: லினக்ஸில் இரண்டு மைஎஸ்கியூஎல் ஓடுகின்றன. பிஎச்பியில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 3307 என்று கொடுத்தும் 3306-இல் இருப்பதற்கே போகிறது.

லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் அது நெட்வொர்க் பக்கமே போகாது. ஒரே மெஷினுக்குள் புரோகிராம்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் ஃபைல் வழியாக உள்ளே நுழையும். அங்கே போர்ட் எண்ணுக்கு வேலையே இல்லை. 127.0.0.1 என்று போடுங்கள், 3307-க்குப் போகும்.

கே: பாஸ்வேர்ட் போன்ற செட்டிங்குகள் உள்ள .env ஃபைல் தெரியாமல் கிட்டில் ஏறிவிட்டது. கிட்இக்னோரில் (கிட் ஒதுக்க வேண்டிய ஃபைல்களின் பட்டியல்) சேர்த்தால் போதுமா?

போதாது. ஏற்கெனவே ஏறிய ஃபைலை கிட்இக்னோர் கண்டுகொள்ளாது. கிட்டின் கண்காணிப்பிலிருந்து அதைத் தனியாக எடுக்க வேண்டும். எடுத்தாலும் பழைய கமிட்டுகளில் பாஸ்வேர்ட் அப்படியே கிடக்கும். ஹிஸ்டரியைத் துடைப்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். லோக்கலுக்கும் சர்வருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால் இன்றைக்கே. பிறகு மதிப்புகள் இல்லாமல் பெயர்கள் மட்டும் உள்ள ஒரு மாதிரி ஃபைலை கிட்டில் வையுங்கள், டீமுக்குப் புதிதாக வருகிறவர் உங்களிடம் கேட்டு நிற்க வேண்டாம்.

கே: லாராவெல்லில் (பிஎச்பி ஃபிரேம்வொர்க்) .env-ஐ மாற்றினாலும் பழைய டேட்டாபேஸுக்கே போகிறது.

செட்டிங்குகளைச் சேமித்து வைக்கும் கான்ஃபிக் கேஷ் கட்டளையை எப்போதோ ஓட்டியிருப்பீர்கள். அதன் பிறகு லாராவெல் .env-ஐத் திறந்தே பார்க்காது. கான்ஃபிக் கிளியர் கொடுங்கள். லோக்கலில் கேஷ் தேவையே இல்லை.