கொப்பியில் ஏறாத ஆட்டம்

அன்புள்ள ரீச்சர்,

உங்கள் வலைப்பந்து நினைவுகளை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். நான் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் பக்கம் எல்லோரும் உதைபந்தும் கரப்பந்தும் விளையாட, நானும் நாலைந்து பேரும் மட்டும் கூடைப்பந்துப் பைத்தியம். எல்லாக் காலத்துக்கும் சிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரர் யார் என்று எனக்கும் ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வாட்ஸ்அப்பில் சண்டை. அவர் ஜோர்டான் என்கிறார், நான் லெப்ரோன் என்கிறேன். போன கிழமை அவர் பில் ரசல், வில்ட் சேம்பர்லின் என்று பழைய ஆட்களை இழுத்துவிட்டார். பெரும்பாலும் எட்டொன்பது அணிகள் மட்டும் இருந்த காலத்தில் ரசல் பதினொரு கிண்ணம் எடுத்தது என்ன பெரிய விஷயம்? ரசலின் சராசரி வெறும் 15 புள்ளி. வில்ட் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தாராம், அதற்கு வீடியோவே இல்லை. குழாய் திருத்துகிறவர்களோடும் பால்காரர்களோடும் விளையாடி எடுத்த புள்ளிகள் என்று யூரியூப்பில் சொல்கிறார்கள். எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யார் என்று நீங்கள் சொன்னால் மாமா கேட்பார். இன்னொன்று, என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இதை விட்டுவிடவா?

— உயர்தர மாணவன், தருமபுரம்

அன்புள்ள தம்பி,

உயரத்தை முதலில் முடித்துவிடுவோம். மக்சி போக்ஸ் ஐந்தடி மூன்று அங்குலம். அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.யில் பதினாலு பருவம் ஆடினார். விடவேண்டாம். சோதனைக்குப் படிக்கிறதையும் விடவேண்டாம்.

ஜோர்டானா லெப்ரோனா என்ற சண்டையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், உங்கள் இருவரின் வயது. மாமா பள்ளிக்கூடம் போன காலத்தில் ஜோர்டான் ஆடினார், நீர் போகிற காலத்தில் லெப்ரோன் ஆடுகிறார். அதற்கு மேல் எழுதுகிறதெல்லாம் நியாயம் தேடுகிற வேலை. எனக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை. ஜோர்டான் ஆறு கிண்ணம் எடுத்தது 1991க்கும் 1998க்கும் இடையில். அந்தக் காலம் முழுக்க வன்னியில் மின்சாரம் இல்லை. பற்றறி தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிறவருக்குக் கை உளைந்தால் செய்தி பாதியில் நிற்கும். 1998 ஜூன் 14ஆம் திகதி யூட்டாவுக்கு எதிராக, ஐந்து விநாடி மிச்சமிருக்க, ஜோர்டான் போட்ட அந்தக் கடைசிப் பந்தை உலகமே பார்த்தது என்று மாமா சொல்வார். இங்கே ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்தது. நாங்கள் உலகத்தில் சேர்த்தி இல்லை. ஆகவே எனக்கு ஜோர்டானும் ஒன்றுதான் வில்டும் ஒன்றுதான், இரண்டு பேரையும் சொல்லக் கேட்டுத்தான் தெரியும்.

இனி அந்த வீடியோ. தம்பி, கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். வீடியோ இல்லாததெல்லாம் நடக்கவில்லை என்று வன்னியில் இருந்துகொண்டு ஒரு பிள்ளை எழுதலாமா? 1962 மார்ச் 2ஆம் திகதி, பென்சில்வேனியாவில் ஹேர்ஷி என்ற சொக்லேற் ஊரில், நாலாயிரத்துச் சொச்சம் பேர் பார்த்த ஆட்டம் அது. கடைசிக் கால் பகுதியின் வானொலி வர்ணனை இன்றும் இருக்கிறது. புள்ளிகளைப் பதிவு செய்துகொண்டிருந்த ஹார்வி பொலாக் ஒரு தாளில் 100 என்று எழுதிக் கொடுக்க, வில்ட் அதைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு இருந்தார். 63 முறை எறிந்து 36 பந்து போட்டார். தண்ட எறிதலில் வழக்கமாகப் பாதியைக் கோட்டைவிடுகிற மனிதர், அன்றைக்கு 32இல் 28 போட்டார். கடைசியில் அது ஒழுங்கான ஆட்டமாகவே இல்லை என்பதும் உண்மை. வில்டிடம் பந்து போகக்கூடாது என்று எதிரணி நியூயோர்க்காரர் வில்டின் அணியில் மற்றவர்களைப் பிடித்துத் தள்ளினார்கள், பந்தைத் திரும்ப எடுத்து வில்டிடம் கொடுக்க வில்டின் அணியினர் நியூயோர்க்காரரைத் தள்ளினார்கள். குறை சொல்வதென்றால் அதைச் சொல்லும். வீடியோ இல்லை என்று சொல்லாதேயும்.

பால்காரர் கதையை யூரியூப்பில் சொன்னவர் பால் கறந்தும் இருக்கமாட்டார், பந்து தொட்டும் இருக்கமாட்டார். சம்பளம் காணாமல் பருவம் முடிந்ததும் வேறு வேலைக்குப் போனவர்கள் அன்று நிறையப் பேர். எங்கள் ஊரில் விடிய வயலுக்குப் போய்விட்டுப் பின்னேரம் கரப்பந்து அடித்தவர்களுக்கு அடி குறைவாகவா இருந்தது? எட்டொன்பது அணி என்றால் மொத்தமாக நூறு பேர் அளவுக்குத்தான் இடம். ஒரே பருவத்தில் ரசலும் வில்டும் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டார்கள். ஒளிந்துகொள்ள இலகுவான அணி எங்கே இருந்தது?

ஒன்றை உமக்கு விட்டுத்தருகிறேன். கறுப்பு இனத்தவரை அளவாகத்தான் எடுப்பது என்று எழுதாத சட்டம் ஒன்று அன்று இருந்தது. வந்திருக்கவேண்டிய எத்தனையோ பேர் வரவில்லை. வந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 1961இல் ரசலின் அணி கென்டக்கியில் லெக்சிங்டனுக்குக் காட்சிப் போட்டிக்குப் போனபோது, கூட வந்த கறுப்பு ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு தரமாட்டோம் என்றார்கள். ரசலும் அவர்களும் ஆடாமலே திரும்பிவிட்டார்கள். அது எந்தப் புள்ளி அட்டவணையிலும் இல்லை.

இப்போது அந்த ‘வெறும் 15’. உம்முடைய கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு சொல்லுக்காகத்தான், மிச்சத்தையெல்லாம் மாமா பார்த்துக்கொள்வார். ரசலின் வேலை புள்ளி எடுப்பது அல்ல, எடுக்கவிடாமல் பண்ணுவது. எதிராளி எறிகிற பந்தைக் காற்றில் தடுப்பார். அதையும் பார்க்கிறவர் கைதட்டவென்று வெளியே அறையமாட்டார். மெல்லத் தட்டித் தன்னுடைய ஆளின் கைக்கு விடுவார், அதிலிருந்து இவர்களுடைய ஓட்டம் தொடங்கிவிடும். அப்படி எத்தனை பந்து தடுத்தார்? ஒருவருக்கும் தெரியாது. தடுத்த பந்துகளை என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியது 1973-74 பருவத்தில். ரசல் 1969இல் ஓய்வு பெற்றுவிட்டார், வில்ட் 1972-73 பருவத்தோடு போய்விட்டார். பதின்மூன்று பருவத்தில் பதினொரு கிண்ணம் எடுத்தவருக்கு, அவர் தடுத்த பந்துகளுக்கு ஒரு எண்கூட இல்லை. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் கிடைக்கவில்லை. அதை 1969இல்தான் தொடங்கினார்கள், அந்த முதல் விருதையும் தோற்ற அணியின் ஜெரி வெஸ்ட்டுக்குக் கொடுத்தார்கள். நாற்பது வருடம் கழித்து, 2009இல், அந்த விருதுக்கே ரசலின் பெயரை வைத்தார்கள். நீர் ஒப்பிடுவது லெப்ரோனையும் ரசலையும் அல்ல, இரண்டு கணக்குக் கொப்பிகளை.

இதில் எனக்குச் சொந்தக் கோபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. வலைப்பந்தில் புள்ளி போட உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர், கோல் சூட்டர் என்ற ஜி.எஸ்.சும் கோல் அற்றாக் என்ற ஜி.ஏ.யும். மற்ற ஐந்து பேரும் ஓடுகிறவர்கள். நான் டபிள்யூ.டி., வட்டத்துக்கு வெளியே நின்று தடுக்கிறவள். எனக்குப் பின்னால் வட்டத்துக்குள் நின்ற எங்கள் ஜி.கே., வளையத்தைக் காக்கிறவள், ஒரு மெலிந்த பிள்ளை. இடம்பெயர்ந்து வந்து அக்கராயன் பக்கம் கொட்டிலில் இருந்த காலம். கிரவல் நிலம், பாலைக் கம்பத்தில் ஒரு இரும்பு வளையம், தைத்துத் தைத்து உருண்டை கெட்டுப்போன பந்து. எறிகிறவளின் காலில் இருந்து மூன்றடி தள்ளி நிற்கவேண்டும் என்பது சட்டம். மற்ற ஜி.கே.க்கள் அந்த மூன்றடியில் நின்று கையை ஆட்டி, பந்தைப் பார்த்துப் பார்த்துத் துள்ளுவார்கள். இவள் பந்தைப் பார்க்கமாட்டாள். எறிகிறவளின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு மரம்போல நிற்பாள். முழங்கால் மடிந்து நிமிரத் தொடங்குகிற அந்த இடத்தில்தான் கிளம்புவாள். பந்து கையை விட்டு வரும்போது இவளுடைய விரல் அங்கே நிற்கும். இரண்டு பந்து அப்படிப் போனால் பிறகு தடுக்கவே தேவையில்லை. எறிகிறவள் இவளை ஒருக்கால் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அவசரமாக எறிவாள், பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும். தடுத்ததும் அவளுடையது, அவள் தடுக்காமல் பிழைத்துப்போனதும் அவளுடையது. இந்த இரண்டாவதை எந்தக் கொப்பியில் எழுதுவது?

எங்கள் கொப்பியை எழுதியது ஒரு சின்ன வகுப்புப் பிள்ளை. அது பாவம், வளையத்துக்குள் விழுந்ததை மட்டும் கோடு கோடாகக் கீறியது. ஜி.எஸ். பெயருக்கு நேரே கோடுகள், ஜி.ஏ. பெயருக்கு நேரே கோடுகள், ஜி.கே.க்கு நேரே வெள்ளைத் தாள். அந்தக் கொப்பியும் இப்போது இல்லை. 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது அலுமாரிகளே இருக்கவில்லை.

அவள் இப்போது முல்லைத்தீவுப் பக்கம் கருவாடு போடுகிறாள். ரசலின் கதையைச் சொன்னேன். “அந்த மனுசனுக்குப் பதினொரு கிண்ணமாவது குடுத்தாங்கள்” என்றுவிட்டு மீனைத் திருப்பிப்போடப் போய்விட்டாள்.

இலங்கை வலைப்பந்து அணியின் தர்ஜினி சிவலிங்கத்தை உமக்குத் தெரியும். ஆறடி பத்து அங்குலம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, 2009இலும் 2018இலும் 2022இலும் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடியவர். அவருடைய உயரத்துக்குப் பந்தை அனுப்பினால் கோல்தான். ஆனால் எதிர்ப் பக்கத்தில் பந்தைப் பறித்து மேலே அனுப்பிய பிள்ளைகளில் ஒருவரின் பெயரைச் சொல்லும் பார்ப்போம். உம்மை மடக்கக் கேட்கவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளிடமும் கேட்டிருக்கிறேன், ஒருவரும் சொன்னதில்லை.

மாமா விடமாட்டார், காலத்தைக் காலத்தோடு ஒப்பிடத்தான் வேண்டும் என்பார். ஒப்பிடுங்கள், ஆனால் இரணைமடுக் குளத்தை அளக்கிறமாதிரி அளந்து பாருங்கள். போன நூற்றாண்டில் அந்தக் குளக்கட்டைப் பல தடவை உயர்த்தினார்கள். அந்த நாளில் வான் பாய்ந்த அதே அடிக்கு இன்று ஒருவரும் குளத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதற்காக அன்றைக்கு மழை குறைவு என்று கமக்காரன் எவனாவது சொல்வானா? மூன்று புள்ளிக் கோடு என்.பி.ஏ.க்கு வந்தது 1979-80 பருவத்தில். கரீம் அப்துல் ஜபார் எடுத்த 38,387 புள்ளிகளில் அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டது ஒரே ஒரு பந்து. அவரை 2023 பெப்ரவரியில் தாண்டிப் போன லெப்ரோன் அங்கிருந்து போட்டவை இரண்டாயிரத்துக்கும் மேல். வில்டை அடக்குவதற்கென்றே 1964இல் வளையத்துக்குக் கீழே இருக்கும் பகுதியைப் பன்னிரண்டடியில் இருந்து பதினாறடியாக அகட்டினார்கள். எதிராளியைக் கையால் பிடித்து மறிப்பதை 2004இல் இறுக்கினார்கள், அதற்குப் பிறகு வெளியே நின்று ஆடுகிறவர்களுக்கு வழி திறந்தது. கட்டு எவ்வளவு உயரம் என்று கேட்காமல் எத்தனை அடி தண்ணீர் என்று மட்டும் கேட்கிறீர்கள் மாமாவும் மருமகனும்.

சரி, கேட்ட கேள்வி. எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர் யாரென்று நான் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு ஆட்டம், தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டும், வளையத்துக்குக் கீழே யாரை நிறுத்துவாய் என்று கேட்டால் ரசல். யோசிக்கமாட்டேன்.

உங்கள் நாலைந்து பேரின் ஆட்டத்துக்கு யார் புள்ளி எழுதுகிறார்? ஒருவரும் இல்லையென்றால் ஒரு தங்கச்சியைப் பிடித்து உட்காரவையும். கொப்பியில் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிரல் கீறச் சொல்லும். தடுத்தது ஒன்று, பறித்தது ஒன்று. எதிராளி பயந்து அவசரப்பட்டு எறிந்ததாகத் தெரிந்தால் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளடி. பத்து ஆட்டம் முடிய அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்பும். லெப்ரோனைப் பற்றிப் பிறகு கதைப்போம்.