மக்காச்சோளத்துக்கு ஹார்மோன் அடித்தால் தண்டு அழுகல் நிற்குமா?

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "கரிசலில் மானாவாரியாக மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். இன்றைக்கு 40-வது நாள். போன வருடம் கதிர் முற்றும் நேரத்தில் தட்டை அடியில் அழுகி நிறையச் சாய்ந்துவிட்டது. இப்போது கடையில் ஒரு பாட்டிலைக் காட்டி, 'இதில் ஹார்மோன் இருக்கிறது, அடித்தால் எதிர்ப்பு சக்தி கூடும், பூஞ்சாண நோய் எதுவும் வராது' என்கிறார்கள். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், செய்ய வேண்டிய வேறு வேலை இருக்கிறது.

ஹார்மோனுக்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பு இருப்பது உண்மைதான். ஆனால் அது பயிர் தானே சுரந்துகொள்ளும் ஹார்மோன். வந்திருக்கும் எதிரி யார் என்று பார்த்து, எதை, எந்த இடத்தில், எவ்வளவு சுரப்பது என்று பயிரே முடிவு செய்கிறது.

உங்கள் ஊரில் இளம்பயிரில் வரும் அடிச்சாம்பல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிருமிக்கு உயிருள்ள செல் வேண்டும், செல் செத்தால் அதற்குச் சாப்பாடு இல்லை. இப்படிப்பட்ட கிருமி வந்தால் பயிர் சாலிசிலிக் அமிலம் என்ற ஹார்மோனைக் கூட்டும். தாக்கப்பட்ட செல்கள் தாமாகவே மடிந்து கிருமியைப் பட்டினி போட்டுவிடும். தண்டை அழுக வைக்கும் பூஞ்சாணமோ நேர்மாறு. அது முதலில் செல்லைக் கொன்றுவிட்டுப் பிறகு தின்னும். அதன் முன்னால் செல்கள் தாமாக மடிந்தால் இலை போட்டு விருந்து வைத்த மாதிரி. ஆகவே இந்த வகைக்கு எதிராகப் பயிர் பெரும்பாலும் ஜாஸ்மோனிக் அமிலம், எத்திலீன் என்ற வேறு இரண்டு ஹார்மோன்களை நம்புகிறது. மக்காச்சோளத்தில் இவை இரண்டும் சேர்ந்து ஏறும்போது ஜியாலெக்சின், கவுராலெக்சின் என்ற பூஞ்சாணக் கொல்லிப் பொருள்களைத் தண்டும் வேரும் தாங்களே தயாரிக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், சாலிசிலிக் அமிலமும் ஜாஸ்மோனிக் அமிலமும் பல நேரங்களில் ஒன்றையொன்று அடக்கும். ஒரு நோய்க்குக் கதவைச் சாத்தப் போய் இன்னொன்றுக்குத் திறந்துவிடலாம். மக்காச்சோளத்தில் லாக்ஸ்3 என்ற ஒரு மரபணுவைச் செயலிழக்க வைத்துப் பார்த்தார்கள். ஃபியூசேரியம் என்ற பூஞ்சாணத்தின் தாக்குதல் குறைந்தது, ஆனால் அஃப்லாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சாணம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டது. 'எல்லா நோய்க்கும் ஒரே ஹார்மோன்' என்று யார் சொன்னாலும் நான் நம்பாததற்குக் காரணம் இதுதான்.

ஜாஸ்மோனிக் அமிலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு சோதனை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அதைச் சுரக்கவே முடியாத மக்காச்சோளச் செடிகளை உருவாக்கினார்கள். உச்சியில் வர வேண்டிய ஆண் பூ, பெண் பூவாக மாறிவிட்டது. அந்தச் செடிகளைச் சாதாரண மண்ணில் நட்டால் பித்தியம் என்ற கிருமி வேரை அழுக வைத்துவிடும். கிருமி நீக்கிய மண்ணில்தான் பிழைத்தன. பூ ஆணா பெண்ணா என்பதும் வேரின் பாதுகாப்பும் ஒரே ஹார்மோனின் கையில்! இதை வெளியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாமா, சொல்லுங்கள்.

சரி, கடையில் கொடுத்த பாட்டிலில் என்ன இருக்கும்? லேபிளைப் படியுங்கள். ஜிப்ரலிக் அமிலம் என்று இருந்தால் அதன் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜப்பானில் நெல் நாற்றுகள் வெளிறி, மளமளவென்று உயர்ந்து, சாய்ந்து சாகும் ஒரு நோய்க்கு 'முட்டாள் நாற்று' என்று பொருள்படும் பெயர் வைத்திருந்தார்கள். 1926-இல் குரோசாவா என்ற விஞ்ஞானி, ஒரு பூஞ்சாணம் வெளிவிடும் பொருளே நாற்றை அப்படி நீள வைக்கிறது என்று காட்டினார். 1935-இல் யபுடா அந்தப் பொருளுக்கு ஜிப்ரலின் என்று பெயரிட்டார். அதாவது, ஒரு நோய்க்கிருமி பயிரை வளைக்கப் பயன்படுத்தும் ஆயுதமாகத்தான் அது முதலில் நமக்குத் தெரிய வந்தது. திராட்சை போன்ற பயிர்களில் அதற்கு நல்ல பயன் இருக்கிறது. தட்டை சாய்கிறது என்று கவலைப்படும் உங்களுக்கு, தட்டையை இன்னும் நீளமாக்கும் மருந்து எதற்கு?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மக்காச்சோள மேக்சிம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அதில் ஊட்டச்சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்திருக்கின்றன. ஏக்கருக்கு 3 கிலோவை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஆண் பூ வரும்போதும் மணி பிடிக்கும்போதும் தெளிக்கிறோம். மணி நன்றாகப் பிடிக்கவும் வறட்சியைத் தாங்கவும் அது உதவும், அந்த அளவில் வாங்குங்கள். பூஞ்சாணத்துக்கான மருந்தாக நினைக்காதீர்கள்.

இப்போது உங்கள் வயலுக்கு வருவோம். போன வருடம் சாய்ந்த தட்டையைப் பிளந்திருந்தால் உள்ளே நார் நாராகி, கரித்தூள் தூவினது போலக் கருப்புப் புள்ளிகள் தெரிந்திருக்கும். அப்படி இருந்தால் அது கரிக்கோல் அழுகல். அந்தப் பூஞ்சாணத்துக்குச் சூடான, காய்ந்த மண் பிடிக்கும். புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகையில் பூத்து, மார்கழியில் மணி பிடிக்கும்போது மழை நின்றுவிடுகிறது. தண்ணீர் குறைந்ததும் பயிர் அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து இலைத் துளைகளை மூடும். துளை மூடினால் சர்க்கரை உற்பத்தி படுக்கும். கதிரோ விடாமல் இழுக்கும். இலையிலிருந்து கிடைக்காததைத் தட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் எடுக்கும். எதிர்ப்புப் பொருள் தயாரிக்கக் கையில் எதுவும் இல்லாமல் வேர் தளரும் அந்த நேரத்தில்தான், மண்ணில் காத்திருந்த பூஞ்சாணம் ஏறுகிறது.

ஆகவே பூக்கும் சமயத்தில் பயிர் தண்ணீருக்கு வாடாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் மருந்து. பண்ணைக்குட்டையோ பக்கத்துக் கிணறோ இருந்தால் அந்த ஒரு தண்ணீரை பூக்கும் நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். மேலுரமாக யூரியாவை அளவுக்கு மேல் கொட்ட வேண்டாம். தழைச்சத்து கூடி சாம்பல் சத்து குறைந்த வயலில்தான் தட்டை அதிகம் சாய்கிறது. இந்த நோய் வழக்கமாக வரும் இடங்களில் எக்டேருக்கு 80 கிலோ சாம்பல் சத்து இடப் பரிந்துரை இருக்கிறது, அடுத்த விதைப்பில் அடியுரத்தோடு மறக்காமல் சேருங்கள்.

அப்புறம், மண்ணில் ஈரம் இருக்கும்போதே ட்ரைக்கோடெர்மா அல்லது சூடோமோனாஸ், ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து வேர்ப்பக்கம் இடுங்கள். 30-வது நாளில் இட்டிருக்க வேண்டியது, தாமதமானாலும் இந்த வாரமே செய்துவிடுங்கள். ஹார்மோனுக்கென்று பணம் செலவழிக்க ஆசை இருந்தால் இதற்குச் செலவழியுங்கள். இந்த நுண்ணுயிர்கள் வேரில் குடியேறும்போது பயிரின் ஜாஸ்மோனிக், எத்திலீன் பாதையைத் தட்டி விழிப்பாக வைக்கின்றன. எவ்வளவு சுரப்பது என்ற முடிவு பயிரிடமே இருக்கிறது.

பருத்தியோடு மாற்றிப் போட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், பருத்தி, எள், நிலக்கடலை எல்லாவற்றிலும் இந்தப் பூஞ்சாணம் தங்கும். நோய் கண்ட தட்டையை வயலில் விட்டுவைக்காமல் அகற்றுவது முக்கியம்.

மணி முற்றத் தொடங்கியதும் வயலில் அங்கங்கே நடந்து, நூறு தட்டைகளின் அடிக்கணுவைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பத்துக்கு மேல் மெத்தென்று அமுங்கினால் கதிர் செடியிலேயே காயட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கதிரை முன்கூட்டியே ஒடித்து, களத்தில் காய வையுங்கள்.