இசை இதழின் பொருளடக்கப் பக்கம்: கேட்டதும் சொன்னதும்

நம்ம கடலோர ஊர்களின் பாட்டையும் பாடுகிறவர்களையும் வைத்து ஓர் இசை இதழ் கொண்டுவரலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பொருளடக்கப் பக்கத்தைப் பற்றி ஆளுக்கு ஒன்றாகக் கேட்டிருந்தீர்கள். ராமநாதபுரத்தில் பக்க வடிவமைப்புதான் என் பிழைப்பு, அதனால் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, இதழ் மொத்தம் 32 பக்கம். பொருளடக்கத்துக்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் தம்பி, ஒரு பக்கம் போதும். நூறு பக்கத்துக்கு மேல் போகிற மாத இதழ்களுக்கு இரண்டு பக்கம் சரி, 32-ல் அது ஒரு கட்டுரையின் இடத்தைத் தின்றுவிடும். 3-ஆம் பக்கத்தில் வையுங்கள். அது வலது கைப் பக்கம், அட்டையைத் திருப்பினதும் கண் அங்கேதான் போகும். 2-ஆம் பக்கத்தை விளம்பரத்துக்குக் கொடுத்தால் அச்சுக்கூலியில் கொஞ்சம் தேறும். நடுவில் பின் அடிக்கிற இதழ் என்றால் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். கடைசி நேரத்தில் "ஒரே ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கிடையாது.

தங்கச்சிமடம்: வெளிநாட்டு ராக் இதழ் மாதிரி ஒரு டெம்ப்ளேட் இறக்கினேன். இங்கிலீஷில் அட்டகாசமாக இருக்கிறது, தமிழைப் போட்டதும் கசகசவென்று ஆகிவிடுகிறது. ஏன்?

இதைக் கேட்டதற்கு நன்றி, நம்ம ஊர் இதழ்கள் பெரும்பாலும் சறுக்குகிற இடம் இதுதான். அந்த டெம்ப்ளேட்டில் பகுதித் தலைப்புகள் எல்லாம் பெரிய எழுத்தில் (கேப்பிடல் லெட்டரில்) இருக்கும், கட்டுரைப் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். எது தலைப்பு, எது விவரம் என்பதை அந்த வித்தியாசமே சொல்லிவிடுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகை கிடையாது. அதனால் அந்த வேலையை எழுத்தின் தடிமன், அளவு, நிறம் இந்த மூன்றை வைத்துத்தான் செய்யவேண்டும். பகுதித் தலைப்பு தடித்த எழுத்தில் 16 பாயின்ட் (எழுத்தின் அளவைச் சொல்கிற அலகு), கட்டுரைப் பெயர் 12, அதன் கீழே ஒரு வரி விளக்கம் சாதாரண எழுத்தில் 9.5 என்று ஆரம்பித்துப் பாருங்கள்.

அடுத்து வரி இடைவெளி. இங்கிலீஷில் 10 பாயின்ட் எழுத்துக்கு 12 போதும். தமிழில் மேலே புள்ளியும் கியின் வளைவும் வரும், கீழே கூவும் ரூவும் இறங்கும், 12 வைத்தால் ஒரு வரியின் கால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும். 14.5, 15 வரை விடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டுகிற டிராக்கிங் இருக்கிறதே, அதைத் தமிழில் தொடவே தொடாதீர்கள்: "கொ" என்று போட்டால் கொம்பு ஒரு பக்கம், க ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். சாய்வெழுத்தும் அப்படித்தான், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அது செயற்கையாகச் சாய்த்தது, பார்க்க நன்றாக இருக்காது. குறுகிய பத்தியில் இருபுறமும் சமன் செய்யாமல் இடது ஓரமாக மட்டும் வையுங்கள், நம்ம சொற்கள் நீளம், சமன் செய்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும்.

கீழக்கரையில் டிடிபி கடை வைத்திருக்கும் பாய்: இன்டிசைன் என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழ் போட்டால் கொம்பு இடம் மாறி நிற்கிறதே?

பாய், பாராகிராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சரியாகிவிடும். அதே பக்கத்தை ஃபோனிலும் படிக்கக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவுக்குத் திரும்பாதீர்கள்.

ராமேஸ்வரம்: எத்தனை படம் வைக்கலாம்?

ஒன்று பெரிதாக, மிஞ்சினால் இரண்டு சிறிதாக. எல்லாக் கலைஞரின் முகமும் வரவேண்டும் என்று ஒன்பது தபால்தலைகளை ஒட்டினால் யாருடைய முகமும் நிற்காது. கரைவலை இழுத்தபடி அம்பா என்கிற மீனவர் பாட்டைப் பாடுகிறவர்களைப் படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள்: ஆட்களைப் படத்தின் அடிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் நிறுத்தி, மேலே வானத்தைக் காலியாக விட்டு எடுங்கள், பட்டியல் அந்த வானத்திலேயே உட்கார்ந்துவிடும். உச்சி வெயிலில் எடுத்தால் கடல் வெளுத்துப்போய் எழுத்தும் தெரியாது, முகமும் கறுத்துவிடும், நாலு மணிக்கு மேல் போங்கள். ஏ4 அகலம் 210 மில்லிமீட்டர், வெட்டுக்கு இரு பக்கமும் 3 மில்லிமீட்டர் சேர்த்தால் 216, அதற்கு 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 2550 பிக்சல் அகலம் தேவை. வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் மேலேயே அந்தக் கட்டுரையின் பக்க எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.

தொண்டி: கட்டுரைகள், தொடர்கள் என்று பிரிப்பது தவிர வேறு ஏதாவது புதிதாகச் செய்யலாமா?

செய்யலாம். லண்டனில் 1952-ல் தொடங்கி 2018 வரை அச்சில் வார இதழாக வந்த நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸின் பொருளடக்கப் பக்கத்தில், ஓரமாக ஒரு குறுகிய பத்தியில் அந்த இதழில் வருகிற இசைக்குழுக்களின் பெயர்களை அகர வரிசையில், பக்க எண்ணோடு போடுவார்கள். ரசிகர் தன் குழுவின் பெயரைத் தேடி நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடுவார். நம்ம இதழில் அதையே ஊர்ப் பட்டியலாக மாற்றுங்கள். ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம், மண்டபம், மூக்கையூர் என்று வரிசையாகப் போட்டு எதிரே பக்க எண். இங்கே யார் இதழை எடுத்தாலும் முதலில் நம்ம ஊர் வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

தேவிபட்டினம்: எத்தனை நிறம்?

கறுப்பைத் தவிர இரண்டு, அதையும் அட்டைப் படத்திலிருந்தே எடுங்கள். சின்ன எழுத்து எல்லாம் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் இருக்கட்டும், வண்ண அச்சின் நாலு மையையும் கலந்த கறுப்பாக இருந்தால் அச்சில் ஒரு நூல் விலகினாலும் ணையும் னையும் மங்கிவிடும். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம்.

மண்டபம்: அட்டையில் "கடலோரக் கலைஞர்களின் இசைப் பயணம்" என்று போட்டிருக்கிறோம். உள்ளே கட்டுரைப் பெயர் வேறு. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். அட்டையைப் பார்த்து வாங்கினவர் பொருளடக்கத்தில் அதே சொற்களைத்தான் தேடுவார். அந்தத் தலைப்பே எனக்குப் பிடிக்கவில்லை, எந்த ஊர் இதழிலும் போடலாம். "பாம்பனில் இன்னும் கேட்கும் அம்பா" என்று அட்டையிலும் உள்ளேயும் ஒன்றாகப் போடுங்கள். பக்க எண்களைக் கடைசியில் நிரப்புங்கள். அச்சுக்கு அனுப்புமுன் பிடிஎஃப்பைச் சாதாரணப் பிரின்டரில் எடுத்து, இதழ் மாதிரி மடித்து, ஒருவர் எண்ணை வாசிக்க இன்னொருவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கட்டும்.