திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றப் பதிவு (ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று பயனர்களுக்குச் சொல்லும் குறிப்பு) எழுதுவது எப்படி? நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றமும் (கமிட்) வரிசையாகப் பதிவாகும் கிட் லாகை அப்படியே ஒட்டினால் போதாதா?

போதாது. வேலை முடிந்து இரவில் தனியாக நிரல் எழுதுபவர் நீங்கள் என்று நினைக்கிறேன். வெளியிடும் நேரத்தில் இது வேறா என்ற சலிப்பு புரிகிறது. ஆனால் 'எழுத்துப்பிழை திருத்தம்', 'மறுபடியும் திருத்தம்', 'மெர்ஜ்' என்று நீளும் கமிட்டுகளுக்கு நடுவே, எனக்கு வேண்டிய ஒரே வரியைத் துழாவ வைப்பது அநியாயம்.

எங்கள் கணக்கு அறிக்கை நிரல் வேறொருவர் எழுதிய ஒரு சிறு லைப்ரரியை (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) நம்பி ஓடுகிறது. அதன் புதிய பதிப்பில், பதிப்பு எண்ணின் மூன்று பகுதிகளில் நடு எண் மட்டும் ஏறியிருந்தது. குறிப்பில் இருந்தது 'தேதி வாசிப்பு மேம்படுத்தப்பட்டது' என்பது மட்டும்தான். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் ஏப்ரல் 3 என்று வாசித்துவந்த 03/04-ஐ மார்ச் 4 என்று வாசிக்கத் தொடங்கியிருந்தது. நாள் 12-ஐத் தாண்டினால் அதை மாதமாகக் கொள்ள முடியாதே, அவற்றை மட்டும் பழையபடி சரியாக வாசித்தது! மாதக் கடைசியில் சோதித்தவர்களுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. கணக்குப் பிரிவினர் வந்து கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

'03/04 போன்ற தேதிகள் இனி மாதம், நாள் என்ற வரிசையில் வாசிக்கப்படும். பழைய வரிசை வேண்டுவோர் இந்த அமைப்பை மாற்றவும்' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் முதல் எண்ணை ஏற்றச் சொல்லும் செமான்டிக் வெர்ஷனிங் முறைப்படி, முதல் எண் ஏறியிருக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் குறிப்புகளைப் பாருங்கள். 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில், பப்ளிக் ஸ்கீமா என்ற பொதுப் பகுதியில் யார் வேண்டுமானாலும் டேபிள் உருவாக்கலாம் என்ற இயல்பிருப்பை (நாமாக எதையும் மாற்றாதபோது இருக்கும் நிலை) நீக்கினார்கள். பழைய பதிப்பிலிருந்து மாறுவோருக்கான பகுதியிலேயே அதைச் சொல்லி, பழைய நிலை வேண்டுமானால் என்ன செய்வது என்றும் எழுதினார்கள்.

கடைசி நாளில் உட்கார்ந்து எழுதாதீர்கள், பாதி மறந்திருக்கும். கோப்பின் உச்சியில் 'வெளியிடப்படாதவை' என்று ஒரு தலைப்பு வைத்து, ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டோடும் (ஒரு மாற்றத்தை நிரலில் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) ஒரு வரி சேருங்கள்.

சம்பளமில்லாமல் உழைப்பவரிடம் இவ்வளவு கேட்கலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நானும் சம்பளமில்லாமல் ஒன்றைப் பராமரிப்பவன்தான். இலக்கணம் பார்க்கச் சொல்லவில்லை, இயல்பிருப்பு மாறினால் சொல்லுங்கள் என்கிறேன். பயனர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். 'வேலை செய்யவில்லை' என்று இரண்டே சொல்லில் புகார் வரும். எந்தப் பதிப்பு என்று கேட்டால் 'புதியதுதான்' என்பார்கள். எண்ணைக் கேட்டு வாங்குவதற்குள் அடுத்த பதிப்பே வந்துவிடும்.