அபராதம் கட்டிய பிறகும் வழக்கு வருமா?

கேள்வி: திருச்சி விமான நிலையத்தில் என் தங்கத்தைப் பறிமுதல் செய்து அபராதமும் விதித்தார்கள். அதைக் கட்டிவிட்டுச் சிங்கப்பூர் திரும்பிவிட்டேன். இப்போது அங்கே குற்றவியல் வழக்கும் தொடுத்திருக்கிறார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா? (ஈசூன் வாசகர்)

பதில்: உங்கள் மனக்குமுறல் நியாயமானதே, ஆயினும் இந்த வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது. இந்திய அரசியலமைப்பின் 20(2) பிரிவு ஒரே குற்றத்துக்காக ஒருவர்மீது இருமுறை வழக்குத் தொடுத்துத் தண்டிப்பதைத் தடுக்கிறது. ஆனால், முதல் தண்டனையை நீதிமன்றமோ நீதித் தீர்ப்பாயமோ வழங்கியிருந்தால்தான் அந்தத் தடை எழும் என்று உச்ச நீதிமன்றம் 1953இல் மக்பூல் ஹுசேன் வழக்கில் தீர்ப்பளித்தது. ஜெத்தாவிலிருந்து தங்கத்துடன் பம்பாயில் வந்திறங்கிய அவரிடம் அதைப் பறிமுதல் செய்த சுங்க அதிகாரிகள், 12,000 ரூபாய் கட்டினால் மீட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டனர். பின்னர் அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் வழக்கும் வந்தது. சுங்க அதிகாரிகள் நீதித் தீர்ப்பாயம் ஆகமாட்டார்கள் என்பதால் அந்த வழக்குக்குத் தடையில்லை என்றது நீதிமன்றம். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 127ஆம் பிரிவும் இதையே வெளிப்படையாகச் சொல்கிறது.

ஆகவே, உங்கள் வழக்கறிஞர் இரண்டு விஷயங்களில் கவனம் செலுத்த வேண்டும். ஒன்று, அன்று நீங்கள் அதிகாரியிடம் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குமூலம். அது வழக்கில் சான்றாக வரக்கூடும். மற்றொன்று, சுங்கத் தலைமை ஆணையரிடம் சமரசத் தீர்வு (ஒரு தொகையைக் கட்டி வழக்கை முடித்துக்கொள்வது) கோரும் மனு; அதே சுங்கச் சட்டத்தின் 137ஆம் பிரிவின்படி வழக்குத் தொடுக்கப்பட்ட பின்னும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: சுங்க மேல்முறையீட்டில் நான் வென்றால் வழக்கு என்னவாகும்? (அதே வாசகர்)

பதில்: உங்கள் கையிலுள்ள வலுவான வழி இதுதான். குற்றச்சாட்டே நிலைக்காது என்று தகுதியின் அடிப்படையில் விடுவிக்கப்பட்டவர்மீது, அதே உண்மைகளைக் கொண்டு குற்றவழக்கைத் தொடர முடியாது என்று 2011இல் ராதேஷ்யாம் கேஜ்ரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வெறும் நடைமுறைக் குறையால் கிடைக்கும் வெற்றிக்கு இந்தப் பலன் இல்லை.

கேள்வி: உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரி செலுத்தப்படாத சிகரெட்டுகளுடன் என் மகன் பிடிபட்டான். சிங்கப்பூர்ச் சுங்கத்துறை கேட்ட சமரசத் தொகையைக் கட்டினால் போதுமா? (ஜூரோங் வாசகி)

பதில்: அந்தக் குற்றத்தைப் பொறுத்தவரை போதும். தொகையைக் கட்டி முடித்தால் அதே குற்றத்துக்காக மேல்நடவடிக்கை எடுக்கப்படாது. கடிதத்தில் எந்தக் குற்றம் குறிப்பிடப்பட்டுள்ளது என்பதை மட்டும் பிரிவு எண்ணோடு சரிபார்த்து, ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கட்டத் தவறினால் விவகாரம் நீதிமன்றத்துக்குச் செல்லக்கூடும். வரி ஏய்ப்புக்கு, ஏய்க்கப்பட்ட தீர்வை மற்றும் ஜிஎஸ்டியின் 20 மடங்கு வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மகனுக்கு இதை இன்றே எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: நீதிமன்றம் என்னை விடுவித்துவிட்டது. மீண்டும் அழைக்க முடியுமா? (பிடோக் வாசகர்)

பதில்: எவ்வகை விடுவிப்பு என்பதைப் பொறுத்தது. குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ தீர்ப்பு வந்திருந்தால், மேல்நீதிமன்றம் அதை நீக்கி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டாலன்றி, சிங்கப்பூர் அரசியலமைப்பின் 11(2) பிரிவு உங்களைக் காக்கும். விடுதலைக்கு நிகராகாத விடுவிப்பு (குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்காமல் வழக்கை அப்போதைக்கு நிறுத்துவது) என்றால் அரசுத்தரப்பு அதே குற்றச்சாட்டை மீண்டும் கொண்டுவரலாம். உத்தரவின் நகலை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.