அடுத்து வருபவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி நாட்களிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் ரசிகன் நான். நெடுநாள் மேனேஜராக இருந்த ஃபெர்குசன் ஓய்வுபெற்ற பிறகு எத்தனை மேனேஜர்கள் வந்து போய்விட்டார்கள்! ஒவ்வொரு முறையும் 'இவர்தான்' என்று நம்பி நம்பி அலுத்துவிட்டது. அடுத்து வருபவராவது ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற பெரிய ஆளாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நீங்களும் யுனைடெட் ரசிகர்தானே, யார் வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

என்னிடம் பெயர் எதுவும் இல்லை. ஆசை மட்டும் நிறைய இருக்கிறது.

நீங்கள் கேட்கும் தகுதியுள்ள இரண்டு பேரை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். வான் ஹால் 1995-இல் அயாக்ஸோடு சாம்பியன்ஸ் லீக்கை வென்றவர். மொரின்யோ இரண்டு வேறு கிளப்களோடு வென்றவர். இங்கேயும் அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. 2016 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி நினைவிருக்கிறதா? கூடுதல் நேரத்தில் லிங்கார்ட் கோல் அடித்தார், கோப்பை நம்முடையது. ஆனால் வான் ஹால் கோப்பையைக் கையில் வைத்திருந்தபோதே, அவர் இடத்துக்கு மொரின்யோ வருகிறார் என்ற செய்தி பரவிவிட்டது. இரண்டே நாளில் அவரை அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஜெயித்த சந்தோஷத்தைக்கூட என்னால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை.

நம் கிளப் எப்போதும் முதலில் ஆளைப் பிடிக்கிறது, எப்படி ஆடுவது என்பதை அவர் தலையில் விட்டுவிடுகிறது. என் வருத்தமெல்லாம் இதில்தான். வான் ஹாலுக்குப் பந்தை விடாமல் பொறுமையாகச் சுற்றவிட வேண்டும். மொரின்யோவுக்கு முதலில் டிஃபென்ஸ் கெட்டியாக இருக்க வேண்டும். சோல்ஷேர் காலத்தில் பந்து கிடைத்ததும் பாய்ந்து ஓட வேண்டும். அமோரிம் வந்ததும் பின்னால் மூன்று பேர், அதுவரை விங்கில் ஆடியவர்களுக்குத் திடீரென்று வேறு வேலை. அந்த 2024-25 சீசனில் பிரீமியர் லீக்கில் 15-ஆவது இடம். ஒருவர் கேட்டு வாங்கிய ஆட்டக்காரர் அடுத்தவருக்குத் தேவைப்படுவதில்லை. சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த நிலைமையில் யாரைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் என்ன செய்வார்?

யுனைடெட் ரசிகனாக இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் லிவர்பூலைப் பாருங்கள். 2024-இல் அவர்களின் மேனேஜர் க்ளாப் போனார். வந்த ஸ்லாட்டை நெதர்லாந்துக்கு வெளியே பலருக்குத் தெரியாது. அந்தக் கோடையில் வாங்கி அந்த சீசனில் ஆடவைத்த புது ஆள் கியேசா ஒருவர்தான், அவரும் அதிகம் ஆடவில்லை. க்ளாப் விட்டுச்சென்ற அணியைப் பிரித்துப்போடாமல், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் திருத்தினார் ஸ்லாட். முதல் சீசனிலேயே பிரீமியர் லீக் பட்டம் வந்துவிட்டது.

அதனால், நம் கிளப் முதலில் தன் ஆட்டம் எது என்று முடிவு செய்யட்டும், அப்புறம் அதற்கேற்ற ஆளைத் தேடட்டும். அந்த ஆட்டத்தில் இளைஞர்களுக்கு இடம் இருக்க வேண்டும், அதை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. 1937 அக்டோபர் முதல் நம் அகாடமியில் வளர்ந்த ஒருவராவது இல்லாமல் யுனைடெட் ஒரு மேட்ச்சுக்கும் போனதில்லை. 2016 பிப்ரவரியில் மார்சியாலுக்கு வார்ம்-அப்பில் அடிபட்டது. அதுவரை முதல் அணிக்கு ஆடியே இராத 18 வயது ராஷ்ஃபோர்டை வான் ஹால் இறக்கினார். பையன் இரண்டு கோல். மூன்றே நாளில் ஆர்சனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. மற்ற எதை மறந்தாலும் அந்த வாரத்துக்காக வான் ஹாலுக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

ரசிகர்களான நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2013 மே மாதம் ஓல்ட் டிராஃபோர்டில் விடைபெற்றபோது ஃபெர்குசன் மைக்கைப் பிடித்துக் கேட்டுக்கொண்டது, புது மேனேஜருக்குத் துணையாக நில்லுங்கள் என்பதைத்தான். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2014 மார்ச்சில் அதே மைதானத்துக்கு மேலே, அந்தப் புது மேனேஜர் மாய்ஸ் வெளியேற வேண்டும் என்ற பேனரோடு விமானம் பறந்தது. நம் ஆட்களே காசு போட்டுப் பறக்கவிட்டது. அன்றைய மேட்ச்சில் 4-1 என்று ஜெயித்தோம் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

ஃபெர்குசனையும் போகச் சொல்லிப் பேனர் பிடித்தவர்கள்தானே நாம். அவர் வந்தது 1986-இல். 1990 ஜனவரியில் அவர் வேலை போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, எஃப்.ஏ. கோப்பையில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டை 1-0 என்று வென்றோம். கோல் அடித்த மார்க் ராபின்ஸுக்கு 20 வயது, நம் அகாடமிப் பையன். அந்த சீசனில் அதே கோப்பை வந்தது. லீக் பட்டத்துக்கு 1993 வரை காத்திருந்தோம்.

அடுத்து யார் வந்தாலும் மூன்று முழு சீசன் வரை அவரைப் போகச் சொல்லி நான் ஒரு வார்த்தை எழுதப்போவதில்லை. முதல் மாதம் ஸ்கோரைக்கூட அவ்வளவாகப் பார்க்கமாட்டேன், பெஞ்சைப் பார்ப்பேன். இரண்டு கோல் பின்தங்கியிருக்கும்போது 70-ஆவது நிமிடத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பையனை எழுப்பி வார்ம்-அப் செய்யச் சொல்கிறாரா என்று பாருங்கள், ஆர். சொன்னால் எனக்கு உடனே ஒரு வரி எழுதுங்கள்.