மாற்று ஆசிரியர் சம்பளத்தை மறக்காதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் பாலர் பள்ளித் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஈசூன் பள்ளி ஒன்றோடு சேர்ந்து, ஒருவர் வகுப்பை ஒருவர் பார்த்துக் கற்கும் திட்டம் வைத்திருக்கிறோம். மானியத்துக்கு எப்படி எழுதுவது, அக்கா?

பதில்: அருமையான யோசனை, டீச்சர்! பாலர் பள்ளி என்பதால், சிறு பிள்ளைகளின் இருமொழிக் கற்றலுக்கு உதவ 2011இல் தொடங்கிய லீ குவான் இயூ இருமொழி நிதியின் விதிமுறைகளை முதலில் படித்துவிடுங்கள்.

விண்ணப்பங்களைப் படித்துப் பழகியவள் சொல்கிறேன்: ‘ஆசிரியர் திறன் மேம்படும்’ என்ற ஒற்றை வரி போதவே போதாது. கதை நேரத்தில் பிள்ளை தமிழிலேயே கேள்வி கேட்க, நீங்கள் இருவரும் என்ன செய்து பார்க்கப்போகிறீர்கள்? அதை எழுதுங்கள்.

அப்புறம், நீங்கள் ஈசூன் போகும் காலையில் உங்கள் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்? அந்த மாற்று ஆசிரியர் சம்பளத்தைப் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். நல்ல திட்டங்கள் அதனாலேயே பாதியில் நிற்பது எனக்குப் பெரிய வருத்தம். இரு பள்ளி முதல்வர்களின் ஒப்புதல் கடிதத்தையும் இப்போதே கேட்டு வையுங்கள்.